கணக்குப் போட்டா கலை செத்துடுமா?

மூணு நாளா வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஞாயித்துக்கிழமை நம்ம போட்டோ குழுக் கூட்டத்துல, மில்லுல வேலை பார்க்கிற நம்ம தம்பி ஒருத்தன் விளக்கு வெளிச்சத்துல பாட்டியை எடுத்த படத்தை, உயிர் இல்லைன்னு நடுவர் ஒதுக்கினது இங்க பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்த ரெண்டு நிமிஷ வீடியோவைப் பார்த்திருப்பீங்க. அதனால முழுக்கதையையும் சொல்லப் போறதில்ல. வீடியோவுல வெட்டிட்ட ஒரு பகுதியை மட்டும் ஞாபகப்படுத்தறேன்.

படம் திரையில வந்ததும் நடுவர் ஐயா முதல்ல சொன்னது இது: "ஆஹா, பாட்டி முகத்துல விளக்கு வெளிச்சம் எவ்வளவு இயல்பா விழுந்திருக்கு பாருங்க!" அதுக்கப்புறம்தான் எப்படி எடுத்தீங்கன்னு தம்பியைக் கேட்டார். அவனும் கேட்டதுக்குப் பதில் சொன்னான். எஃப் 2.8 (லென்ஸோட திறப்பு), ஷட்டர் 1/60 நொடி, ஐஎஸ்ஓ 1600 (வெளிச்சத்தை வாங்குற உணர்திறன்), ஃபிளாஷ் 1/64 பவர், மேல ஒரு ஆரஞ்சு ஜெல், அதாவது நிறத்தாள். அவ்வளவுதான், ஐயா முகம் மாறிடுச்சு. "அதானே பார்த்தேன். மில்லுல மெயின்டனன்ஸா நீங்க? இது இன்ஜினியர் எடுத்த படம். அளவெல்லாம் சரியா இருக்கு, உயிர் இல்ல." கைதட்டல்.

அரை நிமிஷத்துக்கு முன்னாடி இருந்த உயிர், ஃபிளாஷ்ங்கிற வார்த்தை காதுல விழுந்ததும் எங்க போச்சு? படத்துல ஒரு பிக்சல் கூட மாறலையே ஐயா!

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். தொழில்நுட்ப வேலையில கத்துக்கிட்ட பழக்கம் படத்தைக் கொல்லாது. அளந்து பார்க்கிறது, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கிறது, எது கெட்டுப்போகும்னு முன்னாடியே யோசிக்கிறது, இதெல்லாம்தான் அந்தத் தருணம் வரும்போது கேமராவை மறந்துட்டு ஆளைப் பார்க்க விடுது. கணக்குத் தெரியாதவன்தான் பாட்டி கையைக் கூப்புற நேரத்துல டயலைத் திருப்பிக்கிட்டு இருப்பான்.

அந்தப் படத்தையே எடுத்துக்கலாம். ஒரு மெழுகுவத்திச் சுடர் ஒரு மீட்டர் தூரத்துல கொடுக்கிற வெளிச்சம் ஏறக்குறைய 1 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு). முகம் அரை மீட்டர்ல இருந்தா 4 லக்ஸ். ஒத்தைத் திரி விளக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். அதை மட்டும் நம்பி எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600ல எடுத்தா ஷட்டர் கால் நொடியையும் தாண்டிப் போகும். எண்பது வயசுப் பாட்டியை அவ்வளவு நேரம் சிலையா நிக்கச் சொல்லுவீங்களா? 1/60ல எடுக்கணும்னா ஐஎஸ்ஓவை முப்பதாயிரம் பக்கத்துல ஏத்தணும். தோல் சுருக்கம் எல்லாம் மணல் மாதிரி ஆயிடும். அதனாலதான் ஃபிளாஷ்.

சரி, ஃபிளாஷை எங்க வைக்கிறது? விளக்கு இருக்கிற பக்கத்துலயே, தூணுக்குப் பின்னாடி, சுடரோட உயரத்துல வச்சான். ஒரு அடி மேல வச்சிருந்தா மூக்கு நிழல் கீழே விழுந்திருக்கும். சுடர் முகத்துக்குக் கீழே இருக்கு, நிழல் மேலே ஏறணும். காரணம் சொல்லத் தெரியாட்டியும் பார்க்கிறவங்க கண்ணு இந்தப் பொய்யைக் கண்டுபிடிச்சிடும். வெளிச்சம் சுவத்துல சிதறாம இருக்கக் கறுப்பு சார்ட் பேப்பரைக் குழலாச் சுருட்டி முன்னாடி மாட்டினான். வெளிச்சத்தோட நிறத்தைக் கெல்வின்ல சொல்லுவாங்க, எண் குறைஞ்சா மஞ்சள், கூடினா நீலம். ஃபிளாஷ் வெளிச்சம் 5500 கெல்வின், திரிச்சுடர் 1900 பக்கம். ஜெல் போட்டா ஃபிளாஷ் 3000 பக்கத்துக்கு இறங்கும். கேமராவுல வெள்ளைச் சமநிலையை (எந்த நிற வெளிச்சத்தை வெள்ளையா எடுத்துக்கணும்ங்கிற அளவை) 3500ல வச்சதால சுடரோட மஞ்சளும் மிஞ்சுச்சு, ஜன்னல்ல அந்திநேர நீலமும் மிஞ்சுச்சு. ஆட்டோவுல விட்டிருந்தா கேமரா பாதி மஞ்சளைக் கழுவி ஊத்தியிருக்கும்.

இதைத்தான் உயிர் இல்லைன்னீங்க ஐயா. நீங்க முதல்ல "இயல்பா" இருக்குன்னு பாராட்டினீங்களே, அந்த இயல்பை உட்கார்ந்து செஞ்சது இந்தக் கணக்குதான்.

"கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் ஃபிளாஷ் போட்டாரா?"ன்னு ஒருத்தர் வீடியோவுக்குக் கீழே கேட்டிருக்கார். போடல. அந்தப் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞருக்கு ஃபிளாஷ் பிடிக்காது, ஒத்துக்கறேன். பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸ்தான். அதுவும் என்ன? ஒரு மாறியை நிறுத்தி வச்சுட்டு மத்ததைக் கவனிக்கிறதுதானே? எங்க ஊர்ல இதுக்கு டெஸ்டிங்னு பேரு, பாரிஸ்ல கலைன்னு பேரு போல.

அமெரிக்க இயற்கைக்காட்சிப் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் பேரைச் சொன்னா எல்லாரும் எழுந்து நிப்பீங்க. 1941ல நியூ மெக்சிகோவுல ஹெர்னாண்டஸ்ங்கிற ஊர் மேல நிலா ஏறுற அந்தப் படம். காரை நிறுத்தி 8×10 இன்ச் ஃபிலிம் போடற பெரிய கேமராவை அவசரமா நிறுத்துறார், லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கல. கல்லறைச் சிலுவைகள் மேல விழுற சூரிய வெளிச்சம் போயிட்டு இருக்கு. நிலாவோட வெளிச்சம் ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில்னு அவருக்கு மனப்பாடம். அதை வச்சு மனசுக்குள்ளயே கணக்குப் போட்டு, எஃப் 32ல ஒரு நொடி. ரெண்டாவது நெகட்டிவுக்குத் தயாராகறதுக்குள்ள வெளிச்சம் போயிடுச்சு. அந்த 250ங்கிற எண் ஞாபகத்துல இல்லைன்னா படம் இல்ல. உயிர் எங்க இருந்துச்சு, கணக்கு எங்க இருந்துச்சுன்னு பிரிச்சுக் காட்டுங்க பார்ப்போம்.

இன்னும் வேணுமா? பால் துளி கிரீடமா எழும்புற படத்தை 1957ல எடுத்த ஹரால்ட் எட்ஜர்டன் அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல மின்பொறியியல் பேராசிரியர். ஓடுற மோட்டாரை ஆராயத்தான் விட்டுவிட்டு மின்னுற ஸ்ட்ரோப் விளக்கைக் கையில எடுத்தார். பேர்பெற்ற இந்தியப் படக்காரர் ரகு ராய் படிச்சது சிவில் இன்ஜினியரிங். காட்டுயிர்ப் படக்காரர், நம்ம சென்னை மா. கிருஷ்ணன் இன்ஜினியர் இல்ல, ஆனா யானையையும் மானையும் எடுக்கப் பல கேமராக்களோட பாகங்களைச் சேர்த்து ஒண்ணை உருவாக்கி, அதுக்கு சூப்பர் பாண்டரோசான்னு பேர் வேற வச்சிருந்தார். இவங்க படத்துக்கெல்லாம் ஐயா என்ன மார்க் போடுவாரோ.

மெயின்டனன்ஸ்காரன்னு சிரிச்சாங்களே, அந்த வேலை என்ன கத்துக் கொடுக்குதுன்னு சொல்றேன். மில்லுல ஒரு மோட்டார் பேரிங் மாசாமாசம் போகுதுன்னா, கத்துக்குட்டி மாசாமாசம் புது பேரிங் போடுவான். தெரிஞ்சவன் பழைய பேரிங்கைக் கழட்டி, தேய்மானம் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்ப்பான். அப்புறம் பெல்ட் ரொம்ப இறுக்கமா, புல்லி ரெண்டும் நேர்கோட்டுல இருக்கான்னு பார்ப்பான். குத்தம் பேரிங்ல இருக்காது.

இப்போ நம்ம குழுவுல வாரத்துக்கு நாலு பேர் கேக்கற கேள்வி: "படம் ஷார்ப்பா வரல, எந்த லென்ஸ் வாங்கலாம்?" பழைய பேரிங்கைக் கழட்டிப் பாருங்க சாமி! மங்கலுக்கும் தேய்மானம் மாதிரி அடையாளம் இருக்கு. படத்துல வேற ஏதாவது ஒண்ணு, காது, பின்னாடி இருக்கிற செடி, கூர்மையா இருந்தா ஃபோகஸ் தப்பின கேஸ். எல்லாமே ஒரே திசையில இழுபட்டிருந்தா உங்க கை ஆடியிருக்கு. தூண் கூர்மையா இருந்து கை மட்டும் கலைஞ்சிருந்தா ஆள் அசைஞ்சிருக்கார், 1/60ஐ 1/250 ஆக்குங்க. மத்தியானம் வயலைத் தாண்டி 400 மி.மீ. தூர லென்ஸ்ல எடுத்த கொக்கு எல்லா ஃபிரேம்லயும் வெவ்வேற மாதிரி நெளிஞ்சா அது கானல், எந்த லென்ஸ் வாங்கினாலும் போகாது, காலையில ஆறரைக்குப் போங்க. எல்லா மூலையும் சமமா மந்தமா இருந்தா முன்னாடி மாட்டியிருக்கிற இருநூறு ரூபா ஃபில்டரைக் கழட்டிட்டு ஒரு தடவை எடுங்க. ட்ரைபாட்ல வச்சு, ஒரே இடத்துல, ஒரு தடவைக்கு ஒரு மாத்தம். ரெண்டை ஒண்ணா மாத்தினா எது சரியாக்குச்சுன்னு தெரியாமலே போயிடும்.

இதுல எந்த இடத்துல கலை செத்துச்சு?

கல்யாண மண்டபத்துக்கு வாங்க. புது எல்இடி விளக்கு போட்ட மண்டபத்துல சைலன்ட் மோடுல எடுத்த படத்துல குறுக்கால கறுப்புப் பட்டை விழுந்ததும் கேமரா ரிப்பேர்னு சர்வீஸ் சென்டருக்கு ஓடுறாங்க. நம்ம ஊரு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/100 இல்ல 1/50ல வச்சா முழுத் துடிப்பும் உள்ள வந்துடும், பட்டை அடங்கும். வயர்மேனுக்குத் தெரியும் இது! மேடைக்குப் பின்னாடி இருக்கிற எல்இடி திரைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அதோட துடிப்பே வேற. ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, வியூஃபைண்டர்ல கோடு மறையற இடத்துல நிறுத்தணும்.

குரூப் போட்டோ இன்னொண்ணு. முன்வரிசைக்கு ஒரு மீட்டர்ல லைட்டை வச்சுட்டு, ரெண்டு மீட்டர்ல நிக்கிற சித்தப்பா ஏன் கறுப்பா இருக்கார்னு கேக்கறாங்க. தூரம் ரெட்டிப்பானா வெளிச்சம் கால்வாசி, அவர் என்ன பண்ணுவார்? லைட்டைப் பின்னாடி இழுத்து 3 மீட்டர், 4 மீட்டர்னு ஆக்குங்க, பின்வரிசைக்குப் பாதிக்கு மேலயே போய்ச் சேரும். ஆனா பவரை ஒன்பது மடங்கு ஏத்தணும். அதுக்கு சின்ன ஃபிளாஷ் தாங்காது, முழு பவர்ல விடாம அடிச்சா சூடேறித் தானா நின்னுடும். அதுவும் சரியா கெட்டிமேளத்துலதான் நிக்கும்.

எது எது கெட்டுப்போகும்னு முந்தின நாளே எழுதி வைக்கிறது தொழிற்சாலைப் புத்தி. தாலி கட்டற நேரத்துல ஆயிரம் கை அட்சதை தூவும், ஆட்டோஃபோகஸ் அரிசியைப் பிடிச்சுக்கும். அதனால முன்கூட்டியே முகத்துல ஃபோகஸ் பண்ணிப் பூட்டிடணும், ஷட்டர் பட்டனை அழுத்தினா ஃபோகஸ் மாறவே கூடாது, எஃப் 5.6 வச்சுக்கணும். முந்தின நாள் ரிசப்ஷன்ல வச்ச ஐஎஸ்ஓ 6400 காலையில அப்படியே கிடக்கும், பார்க்கணும். கார்டை கேமராவுலயே ஃபார்மட் பண்ணணும். ரெண்டு கார்டுலயும் ஒரே நேரத்துல எழுதணும். ரெண்டு கேமராவுலயும் போன் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வச்சா அப்புறம் வரிசைப்படுத்த நேரம் மிச்சம். ஏசி ரூம்ல இருந்து வெளிய வர்றப்போ பையோட ஜிப்பை அரை மணி நேரம் திறக்காதீங்க, லென்ஸ்ல நீர் கோத்துக்கும். கோத்த ஈரம் உள்ளயே தங்கினா அப்புறம் பூஞ்சை. தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா? சில பேர் சொல்றாங்கதான், அது வேற விஷயம்.

"எல்லாம் சரி, ஆனா இன்ஜினியர் படமெல்லாம் வறட்சியாத்தானே இருக்கு?"ன்னு கேப்பீங்க. கொஞ்சம் உண்மைதான். எங்க ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு. படத்தை 200 சதவீதம் பெரிசாக்கி மூலையைப் பார்ப்பாங்க. செங்கல் சுவரைப் படம் எடுப்பாங்க, கேட்டா டெஸ்ட்டாம். மில்லுல நூல் எந்த அளவுல இருக்கணும்னு வேற ஒருத்தர் எழுதிக் கொடுத்துடுவார், அதுல இருந்து விலகினா குத்தம். படத்துல அந்தச் சீட்டை நாமதான் எழுதணும். என்ன வேணும்னு எழுதாமலே அளக்க ஆரம்பிச்சா செங்கல் சுவர்தான் கிடைக்கும். இந்த இடத்துல தொழில் புத்தி கை கொடுக்காது, ஒத்துக்கறேன். ஆனா தம்பி எழுதியிருந்தானே! பாட்டி முகம் வெளிச்சத்துல, சாமி படம் இருட்டுல. அதை யாராவது கேட்டீங்களா? பவர் எவ்வளவுன்னுதானே கேட்டீங்க? எண்ணைக் கேட்டுட்டு, எண்ணைச் சொன்னதுக்கு அடிக்கிறது என்ன நியாயம்?

"போன்லயே இதெல்லாம் வருதே"ங்கிறவங்களுக்கு: வருது. அதுக்குள்ள இருக்கிற கணக்கையும் ஒரு இன்ஜினியர்தான் போட்டான்.

எனக்கு எரிச்சல் நடுவர் மேல மட்டும் இல்ல. அந்தக் கைதட்டல். தட்டினவங்கள்ல பாதிப் பேர், ஆல்பம் பிரிண்ட் இருட்டா வந்துடுச்சுன்னு ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்றவங்க. மானிட்டர் பிரைட்னஸை முழுசா ஏத்தி வச்சு எடிட் பண்ணினா பிரிண்ட் இருட்டாத்தான் வரும், 100ல இருந்து 120 நிட்ஸுக்குள்ள (திரை வெளிச்ச அலகு) இறக்குங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! 12×36 இன்ச் ஷீட்டுக்கு 300 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளின்னா 10800×3600 பிக்சல், உங்க 24 மெகாபிக்சல் படத்தை முழு ஷீட்டுக்கு இழுத்தா ஒரு இன்ச்சுக்கு 166தான் தேறும்னு கணக்குப் போட்டுக் கொடுத்தப்போ இனிச்சுது. மேடையில மட்டும் கணக்கு கசக்குதோ?

கடைசி வரிசையில உட்கார்ந்திருந்த ஸ்டுடியோ அண்ணன்களையும் ஐயா விடல. "இது கல்யாண போட்டோகிராபி இல்ல, கலை"ன்னார். அவங்கள்ல ஒருத்தர், நாலு விளக்கையும் ஒரு உதவியாளையும் வச்சுக்கிட்டு, இருட்டு மண்டபத்துல ஆயிரம் படம் தப்பில்லாம எடுத்துட்டு, காலையில நேரா கூட்டத்துக்கு வந்திருந்தார். தூங்கியிருக்கவே மாட்டார். அவர் ஒண்ணும் சொல்லல, டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டார். நானும் ஒண்ணும் சொல்லல. இருபத்தேழு வருஷம் கருவிகளை அளவு சரிபார்க்கிற வேலை பார்த்தவன், அந்த இடத்துல எழுந்து நின்னிருக்கணும். அதுதான் மூணு நாளா உறுத்துது.

தம்பி தன் இணையப் பக்கத்துல இருந்து அந்தப் படத்தைத் தூக்கிட்டான்னு நேத்து ராத்திரிதான் பார்த்தேன். டேய், திரும்பப் போடு. கீழே எஃப் 2.8, 1/60, 1600, ஃபிளாஷ் 1/64ன்னு ஒண்ணு விடாம எழுதிப் போடு. சார்ட் பேப்பர் குழல் எத்தனை இன்ச்சுன்னும் எழுது, நிறைய பேர் கேக்கறாங்க.

அடுத்த கூட்டத்துக்கு நான் வர்றேன். பையில கிரே கார்டும் (வெளிச்சம் அளக்க வைக்கிற சாம்பல் அட்டை) அளவு டேப்பும் இருக்கும்.