ஒழுங்கான வினையாம்!

ஸ்பானிய மொழியில் 'அப்லார்' என்றால் பேசுவது. ஒழுங்கான வினைச்சொல் என்று புத்தகம் சத்தியம் செய்கிறது. ஒழுங்கு இதுதான் என்றால் ஒழுங்கற்றதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

நிகழ்காலத்தில் 'ஆப்லோ' என்றால் நான் பேசுகிறேன். அழுத்தத்தைக் கடைசி எழுத்துக்குத் தள்ளிவிட்டால் 'அப்லோ', அவன் பேசினான். ஆளும் மாறிவிட்டான், காலமும் மாறிவிட்டது! எழுத்தில் வித்தியாசம் ஒரு சின்னக் கோடு மட்டும். என் கதையை நானே சொல்லிக்கொண்டிருக்கும்போது, நடுவில் எவனோ வந்து பேசிவிட்டுப் போகிறான்.

சரி, 'அப்லாமோஸ்' என்றால்? பேசுகிறோம். பேசினோம் என்றாலும் அதே சொல்தான். இங்கே கோடு போட்டிருந்தால் குறைந்தா போயிருப்பார்கள்?

ஒரே சொல்லில் வரும் இறந்தகாலமே இரண்டு. பேசி முடித்ததற்கு ஒன்று, பேசிக்கொண்டிருந்ததற்கு 'அப்லாபா'. அதிலும் நானும் அவனும் ஒன்றுதான். பேசினேன், பேசினான் என்று விகுதி போட்டே வளர்ந்தவனுக்கு இதெல்லாம் சுலபம் என்றுதான் இறங்கினேன். அப்புறம், 'ஒருவேளை பேசினால்' என்று சொல்ல 'அப்லாரா', 'அப்லாசே' என இரண்டு வடிவம். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். எனக்கு ஒன்றே அதிகம்.