நவாஹோ தண்ணீர்: கட்டுரையில் விடுபட்டது
அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் ஓடைகளையும் கிணறுகளையும் கண்காணிக்கும் நீரியலாளர் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் அந்த அளவீடு எதற்கு என்பதைச் சொல்லவில்லையே! பழங்குடிகளின் காப்புநிலத்தோடு அதற்கு வேண்டிய தண்ணீரும் சேர்த்தே ஒதுக்கப்பட்டது என்று 1908-இல் வின்டர்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, எத்தனை ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர்)? அந்த எண்ணை வழக்காடியோ பேரம் பேசியோதான் வாங்கவேண்டும். அதற்குப் பல ஆண்டு நீரோட்டப் பதிவு கையில் இருக்கவேண்டும். அரிசோனாவின் ஹீலா ஆற்றுச் சமூகம் 2004 உடன்பாட்டில் ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி பெற்றது. நவாஹோக்களோ 2023-இல் அதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் 5-4 என்று பிரிந்த தீர்ப்பில் தோற்றார்கள். அவர்களுக்குத் தண்ணீருக்கு வழிசெய்யும் கடமை, அவர்களோடு செய்த 1868 ஒப்பந்தப்படி அமெரிக்க அரசுக்கு இல்லையாம்! அப்புறம், நவாஹோ நிலத்தில் கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் மட்டும் 500-க்கு மேல். கிணற்றில் நீர்மட்டம் பார்த்தால் போதாது, யுரேனியமும் ஆர்சனிக்கும் எவ்வளவு என்றும் பார்க்கவேண்டும். இந்த நீர் மாசுக்குக் கட்டுரை ஒரே ஒரு வரி ஒதுக்கியது குறைதான்.