அது பொழுதுபோக்கு அல்ல, தம்பி

மூன்று நாட்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பொங்கலுக்கு மறுநாள், என் கையாலேயே செய்த முக்காலியின் படத்தை நான் போட்டதற்குக் கீழே நடந்ததை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். "அண்ணாச்சிக்கு நல்லாப் பொழுது போகுது போல" என்று எழுதி, இதே போன்ற முக்காலி 649 ரூபாய்க்குக் கிடைக்கும் இடத்தின் சுட்டியையும் கொடுத்த தம்பிக்கு நன்றி. அதற்குச் சிரிப்புக்குறி இட்ட 37 பேருக்கும் நன்றி. அவர்களில் என் உறவினர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. ஒன்பது பேர்.

அது பொழுதுபோக்கு அல்ல, வேலை. முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் பிறர் பணத்தை எண்ணியதை வேலை என்று ஒப்புக்கொண்டவர்களுக்கு, இழைப்புளியோடு நான் நிற்பது மட்டும் ஏன் விளையாட்டாகத் தெரிகிறது?

அந்த முக்காலியின் பலகை, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியைக் கரைமீற வைத்த மழையில் எங்கள் கொல்லையில் வேரோடு சாய்ந்த பூவரசு. விறகுக்குக் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல், ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்து வாங்கி, நடுநடுவே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, இரண்டு ஆண்டுகள் தொழுவத்து நிழலில் உலர்த்தினேன். அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் கணக்கு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் மரம் ஈரம் குடித்து உப்பும், பங்குனி வெயிலில் சுருங்கும். அதுவும் அகலவாக்கில்தான், நீளத்தில் அவ்வளவாக இல்லை. இது தெரியாமல் நான் முதன்முதலில் செய்த மேசையின் இழுப்பறை, சித்திரையில் கடகடவென்று ஆடிற்று. அதைக் கழற்றி மீண்டும் செய்தேன். பொழுதுபோக்குபவன் கழற்ற மாட்டான்.

இந்த மார்கழியில் முக்காலிக்கு மட்டும் பதினோரு நாட்கள் ஆயின. காலின் தலையைக் கழுந்தாகச் செதுக்கி, பலகைத் துளையில் இறக்கி, மேலிருந்து ஆப்பு அடிக்க வேண்டும். ஆப்பு பலகையின் ரேகைக்கு, அதாவது மரத்தின் இழை ஓடும் திசைக்கு, குறுக்காக இறங்க வேண்டும். ரேகையோடு இறக்கினால் பலகை பிளந்துவிடும். ஓர் ஆணிகூட அதில் கிடையாது. எங்கள் பழைய வீட்டுத் தரை மேடும் பள்ளமுமானது. மூன்று கால் என்றால் எங்கே வைத்தாலும் ஆடாது. இதையெல்லாம் 649 ரூபாயில் எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, நான் காசாளராக இருந்தவன் என்றாலும்.

"பென்ஷன் வாங்குபவர் தச்சர் வயிற்றில் அடிக்கலாமா" என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். எங்கள் வீட்டு நிலைகளையும் சன்னல்களையும் இன்றும் பெரியவர் ஒருவர்தான் செய்து தருகிறார். உளியைத் தீட்டும்போது எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்பதை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து எனக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. முக்காலியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒரே வார்த்தை: "இருக்கும்." எனக்கு அது போதும். அவர் வயிற்றில் அடிப்பது நானா, அந்தச் சுட்டியா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். மரத்தூள் இந்த வயதில் நெஞ்சுக்கு ஆகாது என்கிறார்கள். முகத்தில் துண்டு கட்டிக் கொள்கிறேன், அத்தோடு அந்தப் பேச்சை விடுவோம்.

எங்கள் அம்பாசமுத்திரத்துச் சொப்புகளை ஒரு காலத்தில் எந்த வீட்டுக் குழந்தையும் விலை கேட்டு விளையாடியதில்லை. மஞ்சள் கடம்பைக் கடைசலில் சுழலவிட்டு, சுழலும்போதே அரக்கை அழுத்தி நிறம் ஏற்றிய அந்தக் குட்டி அடுப்பும் அம்மியும் என் தங்கையின் பிள்ளைகள் வரை வந்தன. என் பேத்திக்கும் இந்த மார்கழியில் அப்படி ஒன்று கையில் கிடைக்கட்டும் என்றுதான் நான் முக்காலியைத் தொடங்கினேன்.

பிள்ளைகள் வந்தார்கள். வந்தே பாரத் 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய பிறகு சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு எட்டு மணி நேரம்கூட ஆவதில்லை. ராத்திரி முழுக்க ரயிலில் வந்த காலத்தில் ஒரு வாரம் தங்கினார்கள், இப்போது இரண்டரை நாள். குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் விடுப்பு அவ்வளவுதான். பேத்தி அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் கரும்பு கடித்தாள், அவள் ஆச்சியைக்கூட அதில் உட்கார விடவில்லை. கிளம்பும்போது பெட்டியில் இடமில்லை, அடுத்த முறை எடுத்துக் கொள்கிறோம் என்றார்கள். சரி என்றேன்.

தம்பி, நீங்கள் கொடுத்த சுட்டி வீண்போகவில்லை. அந்த முக்காலி நேற்று சென்னையில் என் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது, படம் அனுப்பியிருந்தார்கள். முக்காலி என்று பெயர், ஆனால் நான்கு கால், நான்கும் திருகாணியால் முடுக்கியவை. அடுக்ககத்துத் தரை சமமானது. ஆடாது.