பதில் சொல்ல ஓர் ஆள்

அரசு மருத்துவமனையில் நல்ல டாக்டர்கள் இல்லை என்று நினைத்து எல்லோரும் தனியாருக்கு ஓடுவதில்லை. காலையில் அரசு வேலை, மாலையில் சொந்த கிளினிக் என்று இருக்கும் அதே டாக்டரிடம்தான் பல பேர் மாலையில் காசு கொடுத்துக் காட்டுகிறார்கள். டாக்டர் அதேதான், மருந்தும் ஏறக்குறைய அதேதான். பிறகு எதற்குக் காசு? நான் பார்த்தவரை, கேட்டால் பதில் கிடைக்கிறது என்பதற்காக.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்தவர்களுக்கு இது புரியும். கதவு திறக்கும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கும். நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிட்டு மருந்துச் சீட்டை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். என் அத்தை ஓர் அரசு மருத்துவமனையில் இருந்தபோது ரிப்போர்ட் வந்ததா, இன்றிரவைத் தாண்டுவாரா என்று சொல்ல ஆளில்லை. சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை, அத்தை பிழைத்து வந்தார். ஆனாலும் அடுத்த முறை காய்ச்சல் என்றதும் வீட்டில் எல்லோரும் தனியார் என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

டாக்டர்களையும் திட்ட மனம் வராது. 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில், நோய் என்றதும் முதலில் போய்க் காட்டும் பொது மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 5 நிமிடமோ அதற்கும் குறைவோதான். வங்கதேசத்தில் வெறும் 48 நொடி! அதற்குள் மருந்து எழுதலாம், எதற்கு எழுதினோம் என்று விளக்க முடியுமா?

அப்புறம், இலவசம் என்கிறோமே, அதற்கும் விலை உண்டு. சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, ரிசல்ட்டுக்கு மறுநாள். தினக்கூலிக்காரருக்கு இரண்டு நாள் கூலி போச்சு, துணைக்கு வந்தவருக்கும் போச்சு.

சரி, தனியாரில் பொறுமையாகப் பேசுகிறார்கள் என்பதால் சொல்வதெல்லாம் தேவையான சிகிச்சை என்று ஆகிவிடாது. பல நாடுகளில் அரசைவிடத் தனியாரில்தான் சிசேரியன் அதிகம். அத்தனைக்கும் மருத்துவக் காரணம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. கையிருப்பு கரைந்ததும் அரசு மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லும் இடங்களும் உண்டு.

அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். புதுக் கட்டடத்துக்கு முன்னால், வார்டுக்கு ஒருவரை நியமியுங்கள். தினமும் குறித்த நேரத்தில் உறவினர்களை உட்காரவைத்து நிலைமையைச் சொல்வது மட்டுமே அவர் வேலையாக இருக்கட்டும். பயிற்சி பெற்ற செவிலியர் போதும். ஆனால் தனிப் பணியிடம், தனிச் சம்பளம். ஏற்கெனவே வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் நர்ஸின் தலையில் இதையும் கட்டிவிடாதீர்கள்.