ஞாயிற்றுக்கிழமை கைதட்டியவர்களுக்கு

சேலம் அஸ்தம்பட்டி கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆப்கானிஸ்தானுக்குப் போகிற வெளிநாட்டு உதவி பற்றிப் பேச்சு. "காசை நிறுத்துங்க, தாலிபான் தானா வழிக்கு வருவான்" என்றார் தோழர். கைதட்டல். வர மாட்டான் என்றேன். "உங்களுக்கு ஏன் தோழர் அவன் மேல இவ்வளவு பாசம்?" அதற்கும் கைதட்டல்.

சரி, என் பாசத்தைக் கணக்குப் பார்ப்போம். 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கையில் விழும்வரை ஆப்கன் அரசுச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளிநாட்டுப் பணம். அது நின்றது. ஆப்கன் மத்திய வங்கி அமெரிக்காவில் வைத்திருந்த சுமார் 700 கோடி டாலரும் முடங்கியது. துப்பாக்கி வைத்திருந்தவனா பட்டினி கிடந்தான்? எல்லையில் சுங்க வசூல் அவன் கையில். மாதக்கணக்கில் சம்பளம் வராமல் நின்றது டீச்சரும் நர்ஸும். பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை பார்க்கவும் தடை. வழிக்கு வந்தானா?

என் அப்பா சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதுபவர், அதாவது ஊதுகுழலால் தீயை ஊதி வெள்ளியைப் பற்றவைப்பவர். (தோழர் பொடி வைத்துப் பேசியது அதனால்தான் எனக்குச் சட்டென்று புரிந்தது.) முதலாளி கூலியில் கை வைப்பார். விஷயம் தெரிந்த ஒரு வியாபாரி, தீபாவளி நெருக்கத்தில், "இந்த ஆளுக்கு இனி ஆர்டர் கிடையாது" என்று நிறுத்திவிட்டார். நல்ல மனசுதான். முதலாளி அந்தத் தீபாவளிக்கு ஏற்காட்டில் ரூம் போட்டார். அப்பா எட்டு வாரம் வீட்டில். அம்மா ஜவ்வரிசி ஆலைக்கு வேலைக்குப் போனார். அப்பா தினமும் சாயங்காலம் ஊதுகுழலை எடுத்துத் துடைத்து, துணியில் சுற்றி, திரும்ப அலமாரி மேல் வைப்பார். அந்த வியாபாரி எங்கள் தெருப்பக்கம் வந்ததே இல்லை.

"அப்போ கொடுங்கோலனுக்குக் கொட்டிக் கொடுக்கணுமா?" யார் சொன்னது? அரசின் கையில் கொடுக்காமல் யுனிசெஃப் வழியாக மருத்துவப் பணியாளர்களுக்குச் சம்பளம் போனது. அதிலும் அவன் பங்கு கேட்பான் என்பீர்கள். கேட்பான்தான். அதற்காக நர்ஸுக்கும் கொடுக்காதே என்பீர்களா? 2025-ல் அமெரிக்கா உதவியை நிறுத்திய பிறகு அங்கே இழுத்துப் பூட்டியது பிரசவம் பார்க்கிற மையங்களை, தாலிபான் அலுவலகத்தை இல்லை. வெளிநாட்டுத் தடைதான் நிறவெறி ஆட்சியைப் பணியவைத்தது என்று தென்னாப்பிரிக்காவைக் காட்டாதீர்கள், அங்கே தடை போடச் சொன்னது விடுதலைக்குப் போராடிய அந்த மக்கள். ஆப்கன் நர்ஸை யார் கேட்டீர்கள்?

இருபது வருடம் பழகியவன் நான். ஒருத்தர்கூட "அவரைப் பேச விடுங்க" என்று சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்துக்குச் சந்தா கேட்டு நேற்று மெசேஜ் வந்தது. உங்கள் வழிப்படி நிறுத்தியிருக்க வேண்டும். அனுப்பிவிட்டேன். நாற்காலி தூக்கிப் போடுகிற பையனுக்குக் கூலி அதிலிருந்துதான் போகிறது.