ஒலியைத் துண்டாக்கியவர்களின் பெயர் எங்கே?

சிங்கப்பூர்த் தமிழ்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து, கேட்டு எழுத்தாக்கும் நம் குழுவின் பெயர்ப் பட்டியலில், நீண்ட பதிவுகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்தவர்களின் பெயர்கள் இல்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தது. "ஒலிப்பதிவைத் துண்டு போடுவதெல்லாம் மென்பொருள் செய்கிற வேலை, அதற்கு எதற்குப் பெயர்ப் பட்டியல்?" என்று மேடையிலிருந்து கேட்கப்பட்டபோது, அந்த வேலையை மாதக்கணக்கில் செய்த பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

துண்டு போடுவது காதால் செய்யும் வேலை. ஒருவருடைய பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முடிவெடுக்கும் வேலை. அந்த முடிவு பிசகினால், பிறகு எழுத்தாக்கம் செய்பவர் எவ்வளவு கற்றவராக இருந்தாலும் பிழையாகத்தான் எழுதுவார். அவர் கேட்பது நாங்கள் பிரித்துக் கொடுத்த துண்டை மட்டுமே.

மென்பொருளை நாங்களும் பயன்படுத்துகிறோம். பேச்சொலியை ஆராயப் பயன்படும் பிராட் (Praat) மென்பொருளில் அமைதியைக் கண்டறியும் கட்டளையை அப்படியே ஓடவிட்டால், 0.1 நொடி ஒலி அடங்கினாலே அதை இடைவெளி என்று எடுத்துக்கொள்கிறது. நிதானமாகப் பேசும் முதியவர் 'பட்டறை' என்று சொல்லும்போது, 'ட்ட'வில் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு நிற்கும் நேரமே சில சமயம் அதைத் தாண்டிவிடும். சொல் நடுவில் உடைகிறது. அந்த நேர அளவைக் கூட்டினால், அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் எடுத்த பதிவுகளில் இரண்டு பேர் பேச்சும் எம்ஆர்டி ரயில் இரைச்சலும் ஒரே துண்டாகி விடுகின்றன. வாக்கியத்தின் கடைசி எழுத்துகள் மூக்கொலியாகித் தேயும் இடத்தை ஒவ்வொரு முறையும் காதால் கேட்டுத்தான் எல்லை வைக்கிறோம், ஏனென்றால் வந்தானா, வந்தாளா என்பது அங்கேதான் இருக்கிறது.

சிங்கப்பூரின் செம்பவாங் வட்டாரத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவரின் பதிவு என்னிடம் வந்தது. 1968இல் பிரிட்டிஷ் கடற்படையின் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறிய காலத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறார். "எங்களுக்குப் பயமே இல்லை" என்கிறார். நிறுத்தி, நீளமாக மூச்சு வாங்குகிறார். பிறகு, "அப்படின்னு சொன்னா அது பொய்" என்கிறார். மென்பொருள் அந்த மூச்சில் வெட்டியிருந்தது. முதல் துண்டு இலக்கணப்படி முழு வாக்கியம். அதை மட்டும் கேட்டு எழுதுபவருக்குச் சந்தேகமே வராது. அந்த மனிதர் இத்தனை ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்ட பயம், இல்லாத வீரமாகப் பதிவாகியிருக்கும்.

பேச்சை எழுத்தாக்கும் இப்போதைய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் தாமே பிரித்துக்கொள்ளும் என்பார்கள். அவற்றில் ஒன்றான விஸ்பர் (Whisper), ஒலியை 30 நொடிக் கட்டங்களாக எடுத்துக்கொள்கிறது. அது அந்த மாதிரியின் வசதிக்கு வைத்த அளவு. பேசுபவரின் மூச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேலும், தமிழில் மாதிரிகள் சரியாகப் பிரிக்கின்றனவா என்று பார்க்க எதை வைத்து ஒப்பிடுவார்கள்? மனிதர் கையால் பிரித்த பதிவுகளைத்தானே?

பணம் இல்லை என்ற பதிலை ஏற்கிறேன். நாங்கள் பணம் கேட்கவில்லை.

ஆனால் "பெயருக்கு அலைகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தது என்னைத் தூங்கவிடவில்லை. பகல் முழுவதும் அலுவலகத்தில் இருந்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு எல்லையை நகர்த்தியவர்களைப் பார்த்து இதை எப்படிச் சொல்ல முடிந்தது? சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து இந்நாட்டு மக்களின் குரல்களைச் சேர்த்துவருகிறது. அதன் இணையப் பட்டியலில் பேசியவரோடு பேட்டி எடுத்தவரின் பெயரும் இருக்கிறது. கேட்டவருக்கும் அந்தப் பதிவில் பங்கு உண்டு என்று அங்கே ஒத்துக்கொள்கிறார்கள். நம் குழுவில் எழுதியவருக்குப் பெயர் உண்டு, கணினியை இயக்கியவருக்குப் பெயர் உண்டு, இடம் கொடுத்தவருக்குக்கூட உண்டு. எல்லோரையும்விட அதிக நேரம் அந்தப் பெரியவர்களின் குரலோடு இருந்தவர்களுக்கு மட்டும் இல்லை. அவர்கள் பெண்கள் என்பதாலா, இளையவர்கள் என்பதாலா, கூட்டத்தில் வாய் திறக்கவில்லை என்பதாலா?

திருத்திய பட்டியல் வெளிவரும்போது துண்டு போட்ட ஒவ்வொருவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால், எழுத்தாக்கமும் செய்ததால் அந்த வரிசையில் இருக்கும் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்.