உள்ளே துணி விட்டிருக்கேன்

போன வாரம் ஒரு பேண்டைத் தூக்கிக்கொண்டு ஆல்ட்டரேஷன் கடைக்குப் போனேன். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பேண்ட் அப்படியேதான் இருக்கிறது, நான்தான் கொஞ்சம் வளர்ந்துவிட்டேன். இடுப்பில் ஒரு இன்ச் பிரித்துவிட்டால் போதும் என்றேன். அந்தப் பையன் பேண்டை உள்பக்கம் திருப்பி, பின்தையலை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, “உள்ள துணியே இல்லையே சார்” என்றான்.

உண்மைதான். தையலை ஒட்டியே, விளிம்பு பிரியாமல் இருக்கப் போடும் ஓவர்லாக் தையல் ஓடியிருந்தது. அதைத் தாண்டி ஒரு நூல் துணி கிடையாது. பிரித்தால் பேண்ட் இரண்டாகத்தான் ஆகும்.

நான் சின்ன வயதில் பார்த்த துணிக்கடைகளில் இந்தப் பேச்சே எழாது. ஆண்களுக்கான கடை என்றால் ஒரு நீள மர மேஜை, அதன் ஓரத்தில் பதித்த பித்தளை அளவுகோல், பின்னால் கூரைவரை அலமாரி, அதில் நெட்டுக்குத்தாக அடுக்கிய துணி உருளைகள். கடைக்காரர் ஒரு உருளையை உருவி மேஜைமேல் போட்டு ஒரு தட்டு தட்டுவார். அது தடதடவென்று உருண்டு, சரியாக என் அப்பாவின் கைக்கு முன்னால் வந்து நிற்கும். அப்பா துணியைத் தொட்டுப் பார்க்க மாட்டார், கசக்கிப் பார்ப்பார். ஒரு மூலையை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்து விட்டுவிட்டு, சுருக்கம் எவ்வளவு நேரத்தில் போகிறது என்று கவனிப்பார். அவருடைய பரிசோதனைக் கூடம் அவ்வளவுதான்.

மேஜையின் கடைசியில் தையல்காரர். கழுத்தில் இன்ச் டேப், காதிடுக்கில் தட்டைச் சாக்கட்டி. அளவெடுக்கும்போது அவர் நம் முகத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை. தோள், மார்பு, கை நீளம் என்று எண்களை மட்டும் சொல்லிக்கொண்டே போவார், உதவியாளர் நோட்டில் எழுதுவார். பள்ளிக்கூடப் பையனான எனக்கு அளவெடுத்து முடித்ததும் எப்போதும் ஒரே வசனம்: “உள்ள ரெண்டு இன்ச் விட்டிருக்கேன் தம்பி. வளர வளரப் பிரிச்சுக்கலாம்.”

அந்த ரெண்டு இன்ச்சுதான் எங்கள் உடைகளின் ஆயுள். பேண்டின் கால் முனையில் உள்ளே மடித்த துணி, பின்தையலில் இருபுறமும் விட்ட துணி, சட்டையின் பக்கவாட்டில் கொஞ்சம். ஒவ்வொரு வருடமும் கால் முனையைப் பிரித்து இறக்குவார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். என்ன இஸ்திரி போட்டாலும் போகாது. மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல அந்தக் கோடுகளை எண்ணி, பேண்டுக்கு எத்தனை வயது என்று சொல்லிவிடலாம். சட்டைக் காலர் கழுத்துப் பக்கம் தேய்ந்து நார் நாராக ஆனால் அதையும் தூக்கிப் போட மாட்டார்கள். காலரை மட்டும் பிரித்து, திருப்பி, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மறுபடி தைப்பார்கள். அப்புறம் இன்னும் இரண்டு வருடம் ஓடும்.

இப்படி எழுதுவதால் அந்தக் காலம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சொன்ன தேதிக்கு உடுப்பைக் கொடுத்த தையல்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எப்போது போனாலும் “காஜா மட்டும்தான் பாக்கி” என்பார்கள். பல நேரம் துணியை வெட்டவே ஆரம்பித்திருக்க மாட்டார்கள். இடுப்புச் சுற்றளவைக் கடை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வது தனிக் கொடுமை. ரெடிமேட் வந்தபோது பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்கு அந்தச் சத்தமும் ஒரு காரணம் என்பது என் சொந்த ஆராய்ச்சி.

அப்புறம் பாலியெஸ்டர். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அந்த இழையைக் கண்டுபிடித்தார்கள். எழுபதுகளுக்குள் ஆண்கள் உலகத்தையே அது பிடித்துக்கொண்டது. சுருங்காது, சாயம் போகாது, துவைத்துக் காயப்போட்டால் அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பலாம். சூட்டில் இளகி ஆறினால் இறுகும் இழை என்பதால், ஆலையில் சூடு வைத்துப் போட்ட மடிப்பு கத்திமுனை மாதிரி நிற்கும். அப்பாவின் கசக்கல் பரிசோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிய துணி அதுதான். ஆனால் பருத்தி, தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. வியர்வைக்குப் போக்கிடம் இல்லை. அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்ற தலைமுறை எதையும் தாங்கும்.

பேண்ட்டின் கால் அகலம் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. ஆண்களின் நாகரிக வரலாறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டிக்குக் கீழே எத்தனை இன்ச் என்பதுதான் மொத்த வரலாறும். பெல்பாட்டம் மாலுமிகளின் உடையிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பற்படைகளில் அது உண்டு. தளத்தைக் கழுவும்போது முட்டிவரை சுருட்டிவிட வசதி. அறுபதுகளின் கடைசியில் இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் கழுவக் கப்பல் இல்லை, அதனால் தெருவைக் கூட்டினார்கள்.

இன்ச் விஷயத்தில் ஆண்களுக்கு எவ்வளவு பிடிவாதம் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டன். 1942-ல் துணியை மிச்சப்படுத்த அரசாங்கம் சட்டம் போட்டது. பேண்ட் கால் முனையில் வெளி மடிப்பு கூடாது, கோட்டில் இரட்டை வரிசைப் பட்டன் கூடாது, பாக்கெட்டுகளுக்கும் கணக்கு. பாக்கெட்டை விட்டுக்கொடுத்த ஆண்கள் கால் மடிப்பை விடவில்லை. வேண்டுமென்றே நீளமான பேண்டாக வாங்கி, வீட்டில் உட்கார்ந்து மடித்துத் தைத்துக்கொண்டார்கள். சட்டம் மிச்சம் பிடிக்க நினைத்த துணி மடிப்புக்கே போனது. 1944-ல் அரசாங்கமே இறங்கி வந்து கட்டுப்பாட்டை எடுத்தது. குண்டு விழும் ஊரில் ஒரு மனிதர் கால் மடிப்புக்கு ஊசி நூல் எடுக்கிறார் என்றால், ஆண்களுக்கு உடையில் அக்கறை இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

சரி, அகலத்துக்கு வருவோம். எண்பதுகளில் முன்பக்கம் மடிப்பு மடிப்பாகப் பேகி பேண்ட், தோளில் திண்டு வைத்த கோட்டு. அதையும் போட்டோம். புகைப்படங்கள் இருக்கின்றன, காட்டுவதாக இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் ஒட்ட ஆரம்பித்தது. ஹெடி ஸ்லிமான் என்பவர் டியோர் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஒல்லி கோட்டுகளைப் போட வேண்டும் என்பதற்காகவே, உலகப் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் உடம்பில் 42 கிலோவைக் குறைத்தார். அங்கேயே எனக்கு ஒரு விஷயம் உறுத்தும். உடம்புக்கு உடையைப் பிரித்துவிட்ட காலம் போய், உடைக்கு உடம்பைப் பிடித்துத் தைக்கும் காலம் வந்துவிட்டது.

நானும் முயன்றேன். நாற்பது தாண்டிய பிறகு ஒரு டிரையல் ரூமில் ஸ்கின்னி ஜீன்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஏறியது. இறங்கவில்லை. குதிகாலில் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் குதித்து, சுவரில் முட்டி, கடைசியில் தரையில் உட்கார்ந்து, பாம்பு சட்டை உரிப்பதுபோல உள்வெளியாக உரித்து எடுத்தேன். வெளியே கடைப் பையன் மூன்றாவது முறையாக, “ஃபிட்டிங் ஓகேவா சார்?” என்றான். நல்லா இருக்கு என்றேன். பிறகு எனக்கே வெட்கமாகி, அதை வாங்கிக்கொண்டும் வந்துவிட்டேன்.

அது ஏறியதற்குக் காரணம் எலாஸ்டேன், அதாவது ஸ்பாண்டெக்ஸ். 1958-ல் டூபாண்ட் ஆய்வகத்தில் பிறந்த இழை. துணியில் ஓரிரு சதவீதம் கலந்தால் போதும், ஜீன்ஸ் ரப்பர் மாதிரி நீளும். தையல்காரர் உள்ளே விட்ட ரெண்டு இன்ச்சின் வேலையை இப்போது இந்த இழைதான் பார்க்கிறது என்று நினைக்கிறேன். நீள்கிறதே, பிறகு எதற்கு உள்ளே துணி? ஆனால் சூடும் துவைப்பும் சேர்ந்து அந்த இழையின் முறுக்கைத் தளர்த்திவிடும். முட்டி தொங்கிப்போன ஜீன்ஸுக்கு எந்தத் தையல்காரரிடமும் வைத்தியம் கிடையாது.

சைஸ் நம்பராவது உண்மை பேசுமா என்றால் அதுவும் இல்லை. 2010-ல் ஒரு அமெரிக்க இதழுக்காக ஒருவர் இன்ச் டேப்போடு கடை கடையாக ஏறி, இடுப்பு 36 என்று போட்ட பேண்டுகளை அளந்து பார்த்தார். ஒன்று 41 இருந்தது. பழைய தையல்காரர் என் சுற்றளவை ஊரறியக் கத்தினார் என்று மேலே குறைப்பட்டேன் அல்லவா? கத்தினாலும் பொய் சொல்லவில்லை.

இப்போது மறுபடியும் அகலம் வந்துவிட்டது. என் பையன் போடும் பேண்டில் இன்னொரு பையனும் நுழையலாம். போன மாதம் பழைய பெட்டியைக் குடைந்தபோது அப்பாவின் சாம்பல் நிறப் பேண்ட் ஒன்று கிடைத்தது. முன்னால் இரண்டு மடிப்பு, நல்ல அகலம். “இதை நான் எடுத்துக்கவாப்பா?” என்றான். அப்பா ஒல்லி, பேரன் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பான். இடுப்புக் கொக்கி எட்டவில்லை.

அதையும் அன்று கையோடு கொண்டுபோயிருந்தேன். என் பேண்டைத் திருப்பிக் கொடுத்த பையனிடமே நீட்டினேன். உள்பக்கம் திருப்பினான், பின்தையலை நீவினான், பிளேடை எடுத்து நாலு தையல் பிரித்தான். உள்ளே மடிந்திருந்த துணி விரிந்தது. வெளியே வெளுத்த சாம்பல். உள்ளே, வெயிலே படாமல், அப்பா கசக்கிப் பார்த்து வாங்கிய அன்றைக்கு இருந்த கருஞ்சாம்பல்.

“ரெண்டு இன்ச்சுக்கு மேலயே இருக்கு சார். எவ்வளவு பிரிக்கட்டும்?”